சாப்பிடக்கூடிய நடுமேசை அலங்காரம்: எது நிற்கும், எதை எடுத்துச் சாப்பிடுவார்கள்?

பத்துப் பேர் வரும் பண்டிகை விருந்துக்கு, மேசை நடுவில் பூச்சாடிக்குப் பதிலாகச் சாப்பிடக்கூடிய ஒன்றை வைக்க ஆசைப்படுகிறீர்கள். வருகிறவர்களில் இரண்டு பேர் சின்னக் குழந்தைகள். முதல் நாளே செய்து வைத்துவிடலாமா, விருந்து முடியும்வரை வாடாமல் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழக் கோபுரம், ஜிஞ்சர்பிரெட் வீடு (இஞ்சி பிஸ்கட்டில் கட்டும் வீடு), கேரமல் இழை சுற்றிய கிரீம் பஃப் கோபுரம் (உள்ளே கிரீம் நிரப்பிய உப்பலான மாவு உருண்டைகளின் அடுக்கு) என்று மூன்று படங்களைப் பார்த்துவிட்டு எதைத் தொடுவது என்று தயங்குகிறீர்கள். உங்கள் கேள்வியில் தெரிவது, மூன்று நான்கு மணி நேரம் அறை வெப்பத்தில் எது நிற்கும் என்பது. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அதை யாராவது உண்மையிலேயே கை வைத்து எடுத்துச் சாப்பிடுவார்களா? விருந்துச் சமையலறைகளில் பேக்கிங்கும் அலங்காரமுமாகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான பதிலும் பெரும்பாலும் அதிலிருந்தே வந்துவிடும்.

சாப்பிடக்கூடிய அலங்காரம் வீணாவது பெரும்பாலும் வாடிப்போவதால் அல்ல, யாரும் அதைத் தொடாததால்தான். வருகிறவர்கள் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், பாராட்டுகிறார்கள். அப்புறம் அதைச் சுற்றி இருக்கும் தட்டுகளிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். முதல் ஆளாக அதைக் கலைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அதனால் எதைச் செய்தாலும், ஒரு கை எங்கே போய் எதைப் பிடித்து எப்படி எடுக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒன்றை எடுத்தால் மற்றவை சரியக் கூடாது. கத்தி தேவைப்படக் கூடாது. எடுத்த துண்டு ஒரு வாயிலோ இரண்டு வாயிலோ முடிய வேண்டும். எல்லோரும் உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் நீங்களே முதல் துண்டைப் பிய்த்துப் பக்கத்தில் இருப்பவர் தட்டில் வையுங்கள். இல்லையென்றால், மேசைக்குக் கொண்டுவரும்போதே ஒரு துண்டு எடுத்த இடைவெளியோடு கொண்டுவாருங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இதைச் செய்த மேசையில் தட்டு காலியாகும். நீள மேசையாக இருந்தால் நடுவில் ஒரே பெரிய அலங்காரம் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு அது எட்டாது, எழுந்து வந்து எடுக்கவும் கூச்சப்படுவார். அதையே மூன்றாகப் பிரித்து வைத்தால் எல்லோருக்கும் கை எட்டும்.

உணவு அலங்காரத்தில் பழைய காலத்திலிருந்தே இரண்டு வழிகள் உண்டு, படங்கள் குழப்புவது இதனால்தான். ஒன்று காட்சிக்கானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் புகழ்பெற்ற சமையல்காரர் மாரி அந்துவான் கரேம், கட்டடக்கலைப் படங்களைப் பார்த்துச் சர்க்கரையிலும் மாவிலும் கோயில்களையும் இடிந்த தூண்களையும் செய்து விருந்து மேசையில் நிறுத்தினார். பார்த்து வியப்பதுதான் அவற்றின் முதல் வேலை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அன்னாசிப் பழம் அவ்வளவு அரிதாகவும் விலை கூடியதாகவும் இருந்ததால், ஒரு மாலை விருந்தில் மேசையில் வைப்பதற்கென்றே அதை வாடகைக்கு எடுத்தவர்கள் உண்டு. இன்னொரு வழி, உணவையே அழகாக அடுக்கி நடுவில் வைப்பது. இணையத்தில் சுற்றும் படங்களில் பல முதல் வகை. பசை, ஊசி, வார்னிஷ், உப்பு மாவு எல்லாம் அவற்றில் இருக்கலாம். நீங்கள் கேட்டது இரண்டாவது வகை. படத்தைப் பார்த்து அதே மாதிரி வரவில்லையே என்று வருந்த வேண்டாம்.

சரி, நேரத்துக்கு வருவோம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி ஒன்று உண்டு. பால், முட்டை, கிரீம், மென்மையான சீஸ், இறைச்சி, மீன், வெட்டிய முலாம்பழம் அல்லது தர்பூசணி, இவை 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இருந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். அறை வெப்பத்தில் மொத்தம் 2 மணி நேரம்தான் வைக்கலாம். அறை 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். அடுக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும், பலர் மறப்பது அதைத்தான். விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அடுக்கி முடித்து, அவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால், சாப்பிட உட்காரும்போது நேரம் முடிந்துவிட்டது. நடுவில் நாலு மணி நேரம் இருக்க வேண்டிய ஒன்றுக்கு இந்தப் பொருள்கள் பொருந்தாது. பொருந்துபவை: ரொட்டி, பிஸ்கட் வகைகள், வெட்டாத பழங்கள், உலர்பழங்கள், கொட்டைகள், அறை குளிர்ச்சியாக இருந்தால் சாக்லேட்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது, பிய்த்துத் தின்னும் ரொட்டி வளையம். உங்கள் மூன்று படங்களில் இது இல்லை என்பது தெரியும். ஆனாலும் முதல் நாளே செய்யலாம், குழந்தைகள் எடுக்கலாம், சாப்பாட்டோடு சேரும், எடுக்க எடுக்க அசிங்கமாகாது. 500 கிராம் மைதா, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 50 கிராம் சர்க்கரை, 8 கிராம் உப்பு, ஒரு முட்டை, சுமார் 250 மில்லி வெதுவெதுப்பான பால், கடைசியில் 70 கிராம் மென்மையான வெண்ணெய். நன்றாகப் பிசைந்து, இரண்டு மடங்காக உப்பியதும் 24 உருண்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 38 கிராம் அளவில் வரும். கண்ணளவு வேண்டாம், தராசில் வையுங்கள். ஒரு உருண்டை பெரிதானால் வளையம் அந்தப் பக்கம் வீங்கிவிடும். உருட்டும்போது மாவின் ஓரங்களை அடியில் இழுத்துக் கிள்ளி, மேல்தோல் இறுகி வழவழப்பாகும்வரை உள்ளங்கையால் மேசைமேல் சுழற்ற வேண்டும். அந்த இறுக்கம் இல்லாவிட்டால் ஓவனில் மேலே எழாமல் பக்கவாட்டில் பரவிவிடும்.

10 சென்டிமீட்டர் அகலமுள்ள, ஓவனில் வைக்கக்கூடிய கிண்ணம் ஒன்றின் வெளிப்பக்கம் எண்ணெய் தடவித் தட்டின் நடுவில் கவிழ்த்து வையுங்கள். அதைச் சுற்றி உள் வட்டத்தில் 9, வெளி வட்டத்தில் 15 உருண்டைகள். இரண்டு உருண்டைக்கு நடுவில் ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். உப்பும்போது ஒன்றையொன்று தொடும், வேகும்போது ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது நூல் நூலாகப் பிரியும். ஒட்டவைத்து அடுக்கினால் நடுப்பகுதி வேகாமல் களியாக நிற்கும். மேலே முட்டை தடவி, ஒன்றுவிட்டு ஒன்றில் வெள்ளை எள்ளும் கருப்பு எள்ளும் தூவினாலே பார்க்க அழகு வந்துவிடும். 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். தெர்மாமீட்டர் இருந்தால் ஒரு உருண்டையின் உள்ளே 88 முதல் 90 டிகிரி காட்ட வேண்டும். ஆறியதும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, நன்றாகச் சுற்றி வெளியிலேயே வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் ரொட்டி சீக்கிரம் விறைக்கும், மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் வேகமாக இறுகுகிறது. மறுநாள் விருந்துக்குமுன் மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, ஃபாயில் மூடி, 150 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் புதிதாகச் சுட்ட மாதிரி இருக்கும். நடுக்குழியில் வெண்ணெயோ தொட்டுக்கொள்ளும் வேறு எதுவோ சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். அது பால் அல்லது முட்டை சேர்ந்ததாக இருந்தால் இரண்டு சின்னக் கிண்ணங்களில் செய்து ஃபிரிட்ஜில் வைத்து, பாதி விருந்தில் மாற்றிவிடுங்கள்.

வளையத்தைச் சுற்றி முழுப் பழங்களை வையுங்கள். திராட்சைக் கொத்து, பேரிக்காய், ஆரஞ்சு, மாதுளை. அன்று காலை கழுவி, துணியால் துடைத்து, முழுதாக உலரவிடுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் ஒன்றோடொன்று படும் இடத்தில் பூசணம் பிடிக்கும், ரொட்டியும் நமத்துப்போகும். தோல் உரித்தோ வெட்டியோ சாப்பிடும் பழத்தையும் கழுவத்தான் வேண்டும், தோலில் இருப்பதைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். ஆப்பிளை வெட்டி வைக்க வேண்டும் என்றால் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்கி எடுங்கள், பழுப்பாவது தாமதமாகும். எவ்வளவு நேரம் தாமதமாகும் என்பது ஆப்பிளின் வகையைப் பொறுத்தது. கையில் இருக்கும் ஆப்பிளில் ஒரு துண்டை முதல் நாளே முக்கி வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

நீங்கள் கேட்ட பழக் கோபுரத்தைப் பற்றி: ஆப்பிளின் அடியைத் தட்டையாக வெட்டி, மேலே குழி தோண்டி, அதில் ஒரு தடித்த கேரட்டைச் செருகி, சுற்றிலும் டூத்பிக் குத்திப் பழங்களை மாட்டுவது வழக்கமான முறை. நன்றாகவே நிற்கும், அடியில் கனமான பழங்களும் மேலே லேசானவையும் போனால் சாயாது. ஆனால் சின்னக் குழந்தைகள் இருக்கும் மேசையில் இதை நான் வைக்க மாட்டேன். பழத்தை இழுக்கும்போது குச்சி அதோடு சேர்ந்து வரும், அல்லது பாதியில் ஒடிந்து பழத்துக்குள் நிற்கும், வெளியே தெரியாது. திராட்சைக்கும் இதே எச்சரிக்கை: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுத் திராட்சை மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய அளவு. அவர்களுக்கு நீளவாக்கில் நான்காக நறுக்கித் தனித் தட்டில் கொடுங்கள். முழுக் கொட்டைகளும் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது.

கொஞ்சம் மினுமினுப்பு வேண்டும் என்றால் சர்க்கரை பூசிய திராட்சையும் கிரான்பெர்ரியும் (புளிப்பான சின்னச் சிவப்புப் பழம்) செய்யலாம். நல்ல விளக்கொளியில் பனி படர்ந்த மாதிரி இருக்கும். முட்டை வெள்ளைக்கருவை நுரை வராமல் கலக்கி, தூரிகையால் மெல்லியதாகப் பூசி, மணி மணியான நுண்ணிய சர்க்கரையில் உருட்டிக் கம்பிச் சல்லடைமேல் உலர விடுவது பழைய முறை. மெல்லியதாக என்பதுதான் இதில் முக்கியம். அதிகமாகப் பூசினால் சர்க்கரை கரைந்து பாகாக வடியும். பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடும் மேசையில் பாஸ்சுரைஸ் செய்த (கிருமி சாக லேசாகச் சூடாக்கி விற்கும்) வெள்ளைக்கருவோ, உலர்ந்த வெள்ளைக்கருவில் செய்த மெரிங் பொடியோதான் பயன்படுத்த வேண்டும். தண்ணீரும் சர்க்கரையும் சமமாகக் காய்ச்சிய பாகில் முக்கி, ஒட்டும் பதத்துக்கு உலரவிட்டுச் சர்க்கரையில் உருட்டுவது இன்னும் எளிது, முட்டையும் வேண்டாம். தேன் பூசச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் தேன் கூடவே கூடாது.

ஜிஞ்சர்பிரெட் வீடு முன்கூட்டியே செய்வதற்கு மிகவும் வசதியானது. அதை ஒட்டும் ராயல் ஐசிங் என்ற சர்க்கரைக் கலவைக்கு, பாஸ்சுரைஸ் செய்த ஒரு வெள்ளைக்கரு அளவுக்கு, அதாவது சுமார் 30 கிராமுக்கு, 150 முதல் 200 கிராம் ஐசிங் சர்க்கரை. கரண்டியைத் தூக்கினால் முனை வளையாமல் நிற்கும் கெட்டி வேண்டும். சுவர்களை ஒட்டிச் சில மணி நேரம் உலரவிட்ட பிறகே கூரையை வையுங்கள், இல்லாவிட்டால் கூரை வழுக்கிக்கொண்டு இறங்கும். குழந்தைகள் இருப்பதால் பெரிய வீடு ஒன்றைவிட, ஆளுக்கொன்றாகக் கைக்கடக்கமான சின்ன வீடுகள் செய்து தெருவாக அடுக்குவதை விரும்புவேன். போகும்போது ஒவ்வொருவரும் தன் வீட்டை எடுத்துக்கொள்ளலாம், ‘யார் உடைப்பது’ என்ற தயக்கமும் இல்லை. ஈரப்பதம் அதிகமான இடத்தில் சுவர்கள் இரண்டு மூன்று நாளில் தளர்ந்து சாயத் தொடங்கும். உங்கள் அறையின் ஈரப்பதத்தை இங்கிருந்து என்னால் கணிக்க முடியாது. அதனால் ஒரே ஒரு பிஸ்கட்டைச் சுட்டு ஒரு நாள் மேசையில் திறந்து வைத்துப் பாருங்கள். வளைந்தால் வீடு கட்ட வேண்டாம்.

கிரீம் பஃப் கோபுரத்தை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் நாள் செய்ய முடியாது, உள்ளே இருப்பது பால், முட்டை சேர்ந்த கிரீம், மேலே இருப்பது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் சர்க்கரை. கேரமல் சில மணி நேரத்திலேயே பிசுபிசுத்து இளகும், இழைகள் அதற்கு முன்பே சுருங்கிவிடும். சர்க்கரைக்குப் பதிலாக ஐசோமால்ட் என்ற மாற்று இனிப்பைப் பயன்படுத்தினால் ஈரத்தை அவ்வளவாக இழுக்காது என்பது உண்மைதான், ஆனால் அதிகம் சாப்பிட்டால் வயிற்றைப் போக்கும். கேரமல் 160 டிகிரிக்கு மேல் காய்வது, தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். என்றாவது செய்து பார்ப்பதென்றால் பக்கத்தில் ஒரு பாத்திரம் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும், சமையலறையில் குழந்தைகள் வேண்டாம். சாக்லேட் சிற்பங்களுக்கும் வெப்பம்தான் எதிரி. கொக்கோ வெண்ணெய் உருகுவது சுமார் 34 டிகிரியில், அதற்கு முன்பே அது மென்மையாகத் தொடங்கிவிடும். மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் நிற்கவே நிற்காது.

இனி, சாப்பிட முடியாதவை உள்ளே நுழையும் வழிகள். இதில் மட்டும் எந்தத் தளர்வும் கூடாது. உணவு நடுவில் இருக்கும்போது அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாமே சாப்பிடக்கூடியவையாக இருக்க வேண்டும். ஹாலி, மிசில்டோ என்ற கிறிஸ்துமஸ் அலங்காரச் செடிகளின் கனிகள் பண்டிகை அழகுக்காக வைப்பவை, ஆனால் நஞ்சு. லில்லி ஆஃப் தி வேலி, நார்சிஸஸ், அரளி, ஹைட்ராஞ்சியா ஆகிய பூச்செடிகளும் அப்படியே. சிவப்புக் கனியைச் சின்னக் குழந்தை கிரான்பெர்ரி என்றுதான் நினைக்கும். ரோஜா, நாஸ்டர்டியம், பான்ஸி ஆகியவை சாப்பிடக்கூடிய பூக்கள்தான், ஆனாலும் பூக்கடையில் வாங்கியவை வேண்டாம். அலங்காரத்துக்காக வளர்த்த பூக்களில் உணவுக்கு அனுமதிக்காத பூச்சிமருந்து இருக்கலாம், கழுவினால் முழுதாகப் போகாது. பச்சைக்கு ரோஸ்மேரி, புதினா, சமையல் பிரிஞ்சி இலை போதும். ‘நான்-டாக்சிக்’ என்று மட்டும் எழுதிய மினுக்குத்தூள் சாப்பிடக்கூடியது என்று பொருள் இல்லை. டப்பாவில் உணவுப் பொருள் பட்டியல் அச்சிட்டிருந்தால்தான் வாங்குங்கள். பூ செருகும் பச்சை ஃபோமில் பழத்தையோ ரொட்டியையோ குத்தாதீர்கள்.

உயரத்துக்கு எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. மேசைமேலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எதிரே இருப்பவர் முகம் மறைவதில்லை என்பது நடைமுறையில் நான் பின்பற்றும் அளவு. நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், அலங்காரத்தின் உச்சி உங்கள் தாடையைத் தாண்டக் கூடாது. மெழுகுவர்த்தி வைத்தால் கை போகும் பாதையிலிருந்து விலக்கி, மெழுகு சொட்டாத கண்ணாடிக்குள் வையுங்கள். வாசனை மெழுகுவர்த்தி வேண்டாம், சாப்பாட்டின் மணத்தைக் கெடுக்கும். கொட்டை, எள், முட்டை, பால், கோதுமை யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று வருகிறவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பொருளை மேசையிலிருந்தே விலக்குங்கள். நடு அலங்காரத்தில் எல்லோர் கையும் படும், தூளும் துகளும் எங்கும் பரவும். தீவிர ஒவ்வாமை உள்ளவருக்கு எவ்வளவு சிறிய அளவு ஆபத்து என்பதைச் சமையல்காரனான நான் சொல்ல முடியாது. அது அவருடைய மருத்துவர் சொல்ல வேண்டியது.

உங்களுக்கான வேலை வரிசை இப்படி வரும். முதல் நாள் மாலை ரொட்டி வளையத்தைச் சுட்டு ஆறவைத்துச் சுற்றி வையுங்கள், அன்றிரவே திராட்சையில் சர்க்கரை பூசி உலரவிடுங்கள். விருந்து நாள் காலை பழங்களைக் கழுவித் துடையுங்கள். விருந்தினர் வருவதற்கு அரை மணி நேரம் முன் ரொட்டியைச் சூடாக்கி, அகலமான தட்டையான பலகையில் வைத்து, சுற்றிப் பழமும் ரோஸ்மேரியும் அடுக்குங்கள். நடுக்கிண்ணம் மட்டும் எல்லோரும் உட்காரும்போது வரட்டும். 24 உருண்டை பத்துப் பேருக்கு ஆளுக்கு இரண்டும் கொஞ்சம் மிச்சமும் வரும், மிஞ்சிய ரொட்டியை அன்றிரவே ஃபிரீசரில் வைத்துவிடலாம். வெட்டிய பழமும் நடுக்கிண்ணத்தில் எஞ்சியதும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் கொட்டிவிடுங்கள். உங்கள் ஓவன் தட்டு 35 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் இரட்டை வட்டம் கொள்ளாது. அப்போது மாவை இரண்டாகப் பிரித்து, 12 உருண்டையில் ஒரே வட்டமாக இரண்டு சிறிய வளையங்கள் சுடுங்கள், மேசையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைக்கலாம்.